வீடு திரும்பும் முன் வழியைச் சீர்செய்யுங்கள்

இடுப்பெலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்றுத் தேறிச் சென்றவர்கள், வீட்டில் இடறி விழுந்து மீண்டும் வருவதைக் காண்கையில் நாங்கள் வருந்துகிறோம். வீட்டை ஒழுங்கு செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் கருத்து.

நோயாளி வீடு திரும்பும் முன்னரே அறை அறையாகத் தொடங்குங்கள். படுக்கையறையில், கட்டில் முதல் கழிவறை வரை வாக்கர் தடையின்றிச் செல்லட்டும். மின்கம்பிகளை ஓரப்படுத்தி, இரவுவிளக்கு ஒன்றை எரியவிடுங்கள். குளியலறைத் தரையின் ஈரத்தைத் துடையுங்கள். சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். கூடத்தில் நழுவும் மிதியடிகளையும் செய்தித்தாள் கட்டுகளையும் அகற்றுங்கள். சமையலறையில் அன்றாடப் பாத்திரங்கள் குனியாமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

ஆனால், அவருடைய பொருளை அவரைக் கேளாமல் எறியாதீர்கள். பழைய டிரங்குப் பெட்டி உங்களுக்கு இடைஞ்சல். அவருக்கோ அது வாழ்ந்த வாழ்க்கை. வழியிலிருந்து நகர்த்தினாலே போதும்.