எலியின் குருதியும் நம் கடனும்

நீரிழிவு ஆய்வில் விலங்குகள் உயிர் கொடுத்து வருவது நெடுங்காலமாக நிகழ்வதே. 1889ஆம் ஆண்டில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் நாயின் கணையத்தை அகற்ற, அது நீரிழிவுற்றது. பின்னாளில் எலிகள் அவ்விடத்தைப் பெற்றன. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் மருந்தைச் செலுத்தி, இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து, எலிகளை நோயுறச் செய்வர். நலமுள்ள எலிகளையும் உடன் வளர்ப்பர். ஈரினத்தின் குருதியையும் சுழற்றி, செல்கள் நீங்கிய பிளாஸ்மாவிலுள்ள புரதங்களை ஒப்பிடுவர்.

நோயுற்ற எலியிடம் ஆல்புமின் குறைந்திருக்கும். இன்சுலின் இன்றேல் கல்லீரல் அதனை ஆக்குவது தளரும். இன்சுலின் அளித்தால் மீளும். எஞ்சிய ஆல்புமினிலும் சர்க்கரை மிகுதியாக ஒட்டியிருக்கும். மனிதரிடம் இதனை அளந்தே கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரை நிலையை மருத்துவர் கணிக்கின்றனர்.

இத்துணையும் தெளிவான பின்னர், பட்டம் ஒன்றுக்காகவே இதே ஒப்பீட்டை மீண்டும் நிகழ்த்துவதை நாம் ஏற்பதற்கில்லை. நோயே இல்லாத எலியும் பெரும்பாலும் ஆய்வின் முடிவில் கொல்லப்படுகிறது. அட்டவணையில் அது வெறும் எண். வாயற்ற சீவனுக்கு இரங்குதல் நம் மார்க்கம் கற்பித்தது. 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் விலங்குக்கு மாற்றுக் காணல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் என வகுத்த நெறிகளும் அவ்வழியினவே.

தேவையான ஆய்வு நடைபெறட்டும். ஆயின் அதன் பயனை, நீரிழிவுற்ற நம் வீட்டுப் பெரியவர்க்கும் விளங்குமாறு, இரண்டு பக்கமேனும் தமிழில் எழுதித் தருமாறு ஆய்வு மாணவரைக் கல்லூரி கேட்க வேண்டும். சொல் தேடித் தருவதற்குத் தமிழ்த்துறையில் நாம் இருக்கின்றோம்.