ஆலந்தலையில் ஒரு ராத்திரி தங்குங்கள்

திருச்செந்தூர் வரும் பக்தர்கள் பெரும்பாலும் கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் தலை நனைத்து, முருகன் தரிசனம் முடித்து, கருப்பட்டியும் பனங்கற்கண்டும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் ஆலந்தலை இருக்கிறது. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதங்களிலேயே பெயர் வந்துவிட்ட பரதவர் ஊர் அது. இன்னும் தெற்கே போனால் தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில். அதையும் தாண்டினால் மணப்பாடு. 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் அங்கே கடலோர மேட்டில் நிற்கிறது. இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்துச் சாப்பிட்டுத் திரும்பக்கூடிய கரை இது. இங்கே விருந்தாளிகள் தங்க வேண்டும். அவர்களுக்குச் சோறு போட்டுச் சம்பாதிப்பது மீனவக் குடும்பங்களாக இருக்க வேண்டும்.

காரணம் ஏலத்தில் இருக்கிறது. கரையேறிய சீலா மீனுக்கும் பாறை மீனுக்கும் விலை வைப்பது வியாபாரி. உயிரைப் பணயம் வைத்துப் பிடித்து வந்தவருக்கு அதில் பேச அதிக இடமில்லை. அதே மீன் தேங்காய் அரைத்த புளிக்குழம்பாகி, பக்கத்தில் பொரித்த நெத்திலியோடு இலைக்கு வரும்போது விலை சொல்வது அந்த வீட்டுப் பெண். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. வெளியூர் முதலாளிகள் இங்கே மனை தேடி வர அதிக நாளாகாது. அவர்கள் விடுதி கட்டிய பிறகு, இதே பெண்களுக்கு அங்கே பாத்திரம் தேய்க்கும் வேலைதான் மிஞ்சும்.

வீட்டையும் கும்பிடும் இடத்தையும் காட்சிப்பொருளாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. பிலிப்பைன்ஸில் இரண்டு ஊர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன. தொன்சோல் என்ற சிற்றூரில் 1998 முதல் திமிங்கலச் சுறா பார்க்க வருவோரை ஊர்க்காரர்களே வழிகாட்டிகளாக அழைத்துப் போகிறார்கள். ஒரு சுறாவுக்கு ஒரு படகு, ஆறு பேர், தொடக்கூடாது என்று விதி வகுத்தார்கள். இன்னொரு ஊரான ஓஸ்லோப்பில் இறால் போட்டுச் சுறாக்களைக் கரைக்கே வரவழைத்தார்கள். அங்கும் மீனவர்களுக்குப் பணம் வந்தது. ஆனால் சுறாவின் இயல்பே மாறுகிறது என்று கடலியல் ஆய்வாளர்கள் கண்டித்தார்கள். ஆகவே வருமானம் உள்ளூருக்கு வந்தால் மட்டும் போதாது, எல்லையும் ஊரே போட வேண்டும். எத்தனை வீடு, எத்தனை பேர், பூசை நேரத்தில் கேமரா கூடாது என்பதையெல்லாம் ஆலந்தலை மக்கள் கூடி முடிவு செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாதது இந்தக் கரையின் வழக்கம். அன்றைக்கு வருபவருக்குக் கருவாட்டுக் குழம்புதான் என்றால் அதுதான் சாப்பாடு.

முருகனுக்கு விரதமிருந்து வருபவரை மீன் சாப்பிடக் கூப்பிடுவதா என்பது இன்னொரு கேள்வி. கூப்பிட வேண்டாம். விரதம் முடித்து மறுநாள் வருபவர்கள் வரட்டும். செப்டம்பர் 14 மணப்பாடு திருவிழாவுக்கு வருகிறவர்களும் தங்கட்டும். சைவக்காரருக்கு உடன்குடிக் கருப்பட்டி சேர்த்த புட்டு இருக்கிறது.

உண்மையான தடை கழிப்பறையும் குடிநீரும்தான். சிறு உணவுத் தொழிலுக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதை எந்த வீடும் கட்டிவிடும். விருந்தாளிக்கென ஒரு அறையும் கழிப்பறையும் கட்டத்தான் பணம் வேண்டும். ஆலந்தலை மகளிர் குழுக்களுக்கு மாவட்ட நிர்வாகம் குறைந்த வட்டியில் அதற்கான கடனைக் கொடுக்கட்டும். ஏவுதள வேலை முடியும் முன்பே கொடுக்கட்டும்.