ஒத்த விமானம்.. ஒன்பது மாசம்.. கோவை 'ஏர் கார்னிவல்' நின்று போனது ஏன்?

கோவை:

கோவையில் இருந்து சொந்தமா ஒரு விமான கம்பெனி ஓடியதுன்னு சொன்னா இன்னைக்கு பலருக்கு ஞாபகம் வராது. பேரு ஏர் கார்னிவல். 2016 ஜூலை 18-ந்தேதி பீளமேட்டில் இருந்து சென்னைக்கு முதல் விமானம் கிளம்பியது. 2017 ஏப்ரலில் சேவை நின்று போனது. முழுசா 9 மாசம்கூட ஓடலை.

ஆரம்பித்தது கோயம்புத்தூர் மரைன் கல்லூரியை நடத்தும் சி.எம்.சி. குழுமம். கப்பல் படிப்பு சொல்லித் தந்தவங்க ஆகாயத்தில் கால் வெச்சாங்க. தைரியம்தான், அதை குறை சொல்ல முடியாது.

ஆனால் கையில் இருந்தது ஒரே விமானம். சுமார் 70 பேர் போகக்கூடிய ஏ.டி.ஆர்.-72 ரகம். ரெக்கையில் காத்தாடி சுத்துமே, அதுதான்.

இந்த ரகத்தை எடுத்ததில் கணக்கு இருக்கு. 80 சீட்டுக்கு கீழே உள்ள விமானத்துக்கு அப்போது ஏர்போர்ட்டில் இறங்கும் கட்டணம் கிடையாது. எரிபொருளுக்கு வரியும் குறைவாத்தான் இருந்தது. அப்போது தமிழ்நாட்டில் பெரிய விமானங்களுக்கு 29 சதவீதம். அப்புறம் ஏன் தாக்குப் பிடிக்கலை?

பொள்ளாச்சி ரோட்டில் ஒரே ஒரு பஸ் ஓட்டுற ஓனரை நினைச்சுப் பாருங்க. வண்டி ஒர்க்‌ஷாப் போனா அன்னைக்கு கலெக்‌ஷன் பூஜ்யம். பெரிய முதலாளின்னா ஸ்பேர் பஸ்சை எடுத்து விடுவார். இவர் என்ன செய்வார்? டியூ மட்டும் தேதி தவறாமல் வந்து நிக்கும்.

விமானத்தில் இது பல மடங்கு. குத்தகைக்கு எடுத்த விமானம்னா வாடகையை டாலரில் எண்ணி வைக்கணும். பறந்தாலும் அதே வாடகை, தரையில் நின்னாலும் அதே வாடகை. பைலட் சம்பளம், இன்சூரன்ஸ், பராமரிப்பு தனி. ஒரு விமானம் நின்னா எல்லா ரூட்டும் நிக்கும். டிக்கெட் காசை திருப்பித் தரணும். ரெண்டு தடவை ஏமாந்த பயணி மூணாவது தடவை வரமாட்டார்.

எதிரில் நின்னவங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. இதே சென்னை ரூட்டில் இண்டிகோ மாதிரி கம்பெனிகள் 180 சீட் ஜெட் விட்டாங்க. காத்தாடி விமானத்தைவிட சீக்கிரம் போய்ச் சேரும். அவங்க ஒரு வாரம் டிக்கெட்டை குறைச்சு வித்தால் போதும், சின்ன கம்பெனி ஆட்டம் கண்டுடும். நம்ம ஜனம் எப்பவும் போல சேரனிலும் நீலகிரி எக்ஸ்பிரசிலும் படுத்துத் தூங்கி விடிகாலையில் சென்ட்ரலில் இறங்கியது.

கோவைக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. சென்னையை தலைமையாக வெச்சு 2005-ல் வந்த பாரமவுண்ட் 2010-ல் முடிஞ்சது. பெங்களூரு ஏர் பெகாசஸ் நின்றது 2016 ஜூலை கடைசியில், அதாவது நம்ம விமானம் பறக்க ஆரம்பித்த அதே மாசம்! அதுவும் ஏ.டி.ஆர். கம்பெனிதான். விஜயவாடா ஏர் கோஸ்டா 2017 பிப்ரவரியில் நின்றது. கம்பெனி மூடினால் விமானத்தை வாடகைக்காரன் ஓட்டிட்டுப் போயிடுவான். வேலை செஞ்ச பசங்கதான் நடுரோட்டில் நிப்பாங்க.

வயித்தெரிச்சல் என்னன்னா, சின்ன ஊர்களுக்கு ஒரு மணி நேர பயணம் 2,500 ரூபாய்னு மத்திய அரசு மானியம் கொடுத்து 'உடான்' திட்டத்தில் முதல் விமானம் விட்டது 2017 ஏப்ரல் 27-ந்தேதி. கார்னிவல் மூடின அதே மாசம்.

அந்த திட்டத்தில்தான் பக்கத்து சேலம் காமலாபுரத்துக்கு 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. கொஞ்ச வருஷத்தில் அதுவும் போச்சு. 2023 அக்டோபரில் சேலத்துக்கு மறுபடியும் விமானம் வந்தது. அதில் ஒண்ணு இண்டிகோ. அவங்க அங்கே இறக்கியதும் கார்னிவல் வெச்சிருந்த அதே ஏ.டி.ஆர். ரகம்தான். என்ன, அவங்ககிட்ட அந்த மாதிரி 40-க்கு மேல இருக்கு.