பபிள்கம் படத்துக்கு 5 லட்சமா? விற்கப் போய் ஏமாறாதீங்க!

ஜெயமங்கலம் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள், பரணில் ஒரு பிஸ்கட் டின் கிடந்தால் அவசரப்பட்டு பழைய பேப்பர் கடையில் போட்டுவிட வேண்டாம். உள்ளே கபில்தேவ் இருக்கலாம்!

'பிக் ஃபன்' பபிள்கம் வாங்கினால் கிரிக்கெட் வீரர் படம் கிடைத்த காலம் ஒன்று உண்டு. படத்தில் போட்ட ரன்னைச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. 90-களில் மல்யுத்த வீரர்களின் 'டிரம்ப் கார்டு' வந்தது. பள்ளிக்கூட வாசலில் இதற்காகச் சட்டை கிழிந்த சண்டைகள் கொஞ்சமா?

அந்தப் பையன்களுக்கு இப்போது 40 வயது. விற்றால் காசாகுமா என்ற ஆசை வரத்தானே செய்யும்?

அமெரிக்காவில் ஆகியிருக்கிறது. பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952-ம் வருட அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விற்றவர் 1991-ல் அதை வாங்கிய விலை 50 ஆயிரம் டாலர்தான். அதே வரிசையில் விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960-ல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக, டாப்ஸ் கம்பெனி அதிகாரி சை பெர்கரே சொல்லியிருக்கிறார். சரக்கு அருகிப்போனது, விலை எகிறியது.

நம்மூர் அட்டைக்கு அந்த விலையெல்லாம் கனவு. முனை மழுங்காமல், ரப்பர் பேண்ட் தழும்பு இல்லாமல், முழு செட்டாக இருந்தால் சேகரிக்கிறவர்கள் நல்ல விலை பேசுவார்கள். அவ்வளவுதான்.

இந்த ஆசையில்தான் ஆசாமிகள் நுழைவார்கள். "உங்க அட்டைக்கு 5 லட்சம் சார், முதல்ல பதிவுக் கட்டணம் அனுப்புங்க" என்று போனில் தேன் ஒழுகும். பழைய நாணயம், ரூபாய் நோட்டு விஷயத்தில் பார்த்த அதே வித்தை! ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே கமிஷன், வரி என்று பணம் கேட்டார்கள். நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

வாங்க வந்தவன் விற்கிறவனிடம் எதற்குப் பணம் கேட்கிறான்? அங்கேயே போனை வைத்துவிட வேண்டாமா? ஓ.டி.பி. கேட்டாலும் அப்படியே. பணம் கைக்கு வந்த பிறகே அட்டை கை மாற வேண்டும்.

அப்படியும் ஏமாந்தவர்கள், ஊர் சிரிக்குமே என்று மூடி மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் போட வேண்டும். தாமதித்தால் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.

இன்னொன்று. டின்னை விற்கும் முன், அதைச் சேர்த்த பையன் திருப்பூரில் இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சொத்து அவனுடையது!