வாப்பா பக்கத்தில் இருந்த ஆட்டங்கள்



உங்கள் குடும்பத்தில் எவரேனும் வளைகுடா நாடுகளுக்குப் பயணம் போனவராக இருந்தால், நான் இங்கே சொல்லப்போகும் கணக்கு உங்களுக்குப் புதிதாக இராது. என் வாப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மாதம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி வருவது எத்தனை அரிது என்பதை எட்டு வயதில் நான் அறியவில்லை. முதல் தடவையே பொருந்தி வந்துவிட்டபடியால், எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

அது 1986ஆம் ஆண்டு. நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்கள் முன்னதாக வாப்பா தம்மாமிலிருந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்த பெட்டிகளுள் ஒன்றில் வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. மொட்டை மாடியில் நீண்ட இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினார்கள். அக்காலத்தில் எங்கள் கடற்கரையூர்களில் இலங்கையின் ரூபவாஹினி தெரிவதற்காக அப்படி உயர உயரக் குழாய் நடுவது வழக்கம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே, எந்தெந்த வீட்டில் சவூதிப் பயணக்காரர் உண்டு என்று சொல்லிவிடலாம்.

வாப்பும்மாவுக்கு அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்ததே பிடிக்கவில்லை. இரண்டு நாட்கள் வாப்பாவுடன் பேசவில்லை. இறுதியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: பாங்கு சொல்லிவிட்டால் பெட்டி அணைக்கப்பட வேண்டும், எந்த ஆட்டமானாலும் சரி, எத்தனை நிமிடம் பாக்கி இருந்தாலும் சரி. இப்பொறுப்பை வாப்பா தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் மதரஸாவில் ஓதிக்கொடுக்க வந்த எனக்கும், விளையாட்டு பார்க்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோருக்குச் சொல்ல இதைவிட நல்ல விடை கிடைக்கவில்லை.

பெருநாள் கழிந்த இரண்டொரு நாளில் ஒரு விடியற்காலை. சுபுஹு தொழுதுவிட்டு வந்த வாப்பா, சிற்றலை வானொலியில் அரபு நிலையம் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். மொராக்கோ போர்ச்சுகலை 3-1 என்று வென்றிருந்தது. அப்துர் ரஸ்ஸாக் கைரி இரண்டு கோல் அடித்தார். இங்கிலாந்து, போலந்து, போர்ச்சுகல் ஆகிய மூன்றும் இருந்த பிரிவில் மொராக்கோ முதலிடம் பெற்றது. ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அணி முதல் சுற்றைத் தாண்டியது உலகக் கோப்பை வரலாற்றில் அதுவே முதல் தடவை. அடுத்த சுற்றில் மேற்கு ஜெர்மனியிடம், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது லோத்தார் மத்தேயுஸ் அடித்த ஒரே கோலால் தோற்றார்கள்.

"எல்லாரையும் விட்டு ஜெர்மனிக்காரனிடமா தோற்க வேண்டும்" என்று வாப்பா சொன்னது எனக்கு விளங்கவில்லை. ஜூன் 22ஆம் நாள் இரவில்தான் விளங்கிற்று. அன்று அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதின. மெக்சிகோவில் நண்பகல், நமக்கு இரவு பதினொன்றரை மணி. அதுவரை என்னைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதற்காக வாப்பா சொன்ன கதை, 1982இல் ஸ்பெயினில் நடந்தது.

அவ்வாண்டு அல்ஜீரியா முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்திருந்தது. முதல் ஆட்டமே மேற்கு ஜெர்மனியுடன். அல்ஜீரியாவை ஜெர்மானியர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. ஆனால் மஜர் ஒரு கோல், பல்லூமி ஒரு கோல். 2-1 என அல்ஜீரியா வென்றது. பின்னர் ஆஸ்திரியாவிடம் தோற்று, சிலியை 3-2 என்று வென்று, தன் ஆட்டங்களை ஜூன் 24ஆம் நாளே முடித்துக்கொண்டது. மறுநாள் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆட வேண்டும். எத்தனை கோல் வித்தியாசத்தில் முடிந்தால் தாங்கள் இருவரும் முன்னேறலாம், அல்ஜீரியா வெளியேறும் என்பது இரு தரப்பாருக்கும் முன்னதாகவே தெரியும். பத்தாம் நிமிடத்தில் ஹ்ரூபெஷ் ஜெர்மனிக்கு ஒரு கோல் அடித்தார். 1-0. அது இரு அணிகளுக்கும் போதுமானது. அதன்பின் எண்பது நிமிடங்கள், பந்தைத் தம்முள் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு பொழுதைப் போக்கினார்கள். அரங்கிலிருந்த அல்ஜீரியர் பணத்தாள்களை உயர்த்திக் காட்டிக் கூச்சலிட்டனர். முறையீடு செய்தும் பயனில்லை, முடிவு மாற்றப்படவில்லை. அதன் விளைவாகத்தான் 1986 முதல் ஒவ்வொரு பிரிவிலும் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன.

அது ரமலானின் தொடக்க நாட்களுள் ஒன்று. வாப்பா தம்மாமில் தொழிலாளர் விடுதியில், பல நாட்டுக்காரர்களோடு நோன்பு திறக்கும் நேரத்தில் அதைப் பார்த்தார்களாம். "இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டால், மூன்றாமவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பயன் கிடையாது மகனே" என்றார்கள்.

பந்தாட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். வாப்பாவை அனுப்பிவைத்த தரகரும் எடுத்துக்கொண்ட முதலாளியும் பேசிவைத்துக்கொண்டு, ஊரில் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் ஒரு சம்பளமும் போய் இறங்கியபின் வேறொரு சம்பளமும் தந்தார்கள் என்பதை, நான் இருபது வயதைக் கடந்தபின் சாச்சா சொல்லித்தான் அறிந்தேன். வாப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அல்ஜீரியாவின் கதையை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிரவு மரடோனா கையால் தட்டிக் கோல் அடித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கூடத்தில் திரண்டிருந்த தெருப்பிள்ளைகள் எல்லாரும் குதித்தார்கள். வாப்பா மட்டும் அசையவில்லை. "இது திருட்டு" என்றார்கள். நான்கு நிமிடங்கள் கழித்து அதே மரடோனா தம் பாதியிலிருந்தே பந்தை எடுத்துக்கொண்டு, வழிமறித்த இங்கிலாந்துக்காரர்களை ஒவ்வொருவராகத் தாண்டிப்போய் இரண்டாவது கோலைப் போட்டபோது, முதலில் எழுந்து நின்றவர்களும் வாப்பாதான். அந்த ஆட்டத்தின் நடுவர் துனீசியாவைச் சேர்ந்த அலீ பின் நாசர். முதல் கோலில் கையைக் காணத் தவறியவரும் அவரே. இரண்டாவது கோலில் இடையே ஊதி நிறுத்தாமல் ஆட்டத்தை ஓடவிட்டவரும் அவரே. 2015இல் மரடோனா அவரைத் துனீசியாவிலுள்ள வீட்டுக்கே தேடிச் சென்று சட்டை ஒன்றில் கையெழுத்திட்டுப் பரிசளித்தார். அதைப் பத்திரிகையில் படித்துக் காட்டியபோது, "நடுவருக்குச் சட்டை கொடுத்தான், இங்கிலாந்துக்காரனுக்கு என்ன கொடுத்தான்?" என்று வாப்பா கேட்டார்கள். சொல்ல என்னிடம் விடை இல்லை.

இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா 3-2 என்று வென்றது. அடுத்த மாதம் வாப்பா தம்மாம் திரும்பினார்கள். பிறகு வந்த 1990, 1994, 1998, 2002 ஆகிய நான்கு உலகக் கோப்பைகளும் வாப்பா இல்லாமலே கழிந்தன.

இவற்றுள் 1994ஐ மட்டும் சொல்லியாக வேண்டும். சவூதி அரேபியா முதன்முறையாக அதில் ஆடியது. ஜூன் 29ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பெல்ஜியத்துக்கு எதிராகச் சயீத் அல் உவைரான் தம் பாதியிலிருந்தே பந்தை உருட்டிக்கொண்டு ஓடி ஐந்தாம் நிமிடத்தில் அடித்த கோலை, நான் இங்கே இரவு பத்து மணிக்குப் பார்த்தேன். வாப்பா அங்கே பார்த்தார்கள். அப்போதெல்லாம் கடிதத்தோடு ஒலிநாடாவில் பேசி அனுப்பும் பழக்கம் நம் வீடுகளில் இருந்ததல்லவா? அடுத்து வந்த நாடாவில் வாப்பாவின் குரலுக்குப் பின்னால் ஒரே கார் ஒலிப்பான்களின் சத்தம். சன்னலைத் திறந்து வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். "மகனே, கேட்கிறதா? தெருவே இப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் அந்தச் சத்தத்தை மட்டும் எனக்காக ஓடவிட்டிருந்தார்கள். உம்மா அந்தப் பக்கத்தை முழுதும் கேட்டுவிட்டு, "எனக்கு ஒன்றும் சொல்லவில்லையா?" என்றார்கள். மறுபக்கத்தில் இருந்தது.

1996இல் விடுமுறை வந்தபோது ஒலிம்பிக் போட்டி அட்லாண்டாவில் நடந்தது. ஜூலை 20ஆம் நாள் காலை, நம் நேரப்படி. தீபத்தை ஏற்றப்போவது யார் என்பதை மறைத்தே வைத்திருந்தார்கள். நீச்சல் வீராங்கனை ஜேனட் எவான்ஸ் பந்தத்தை ஏந்தி மேலேறினார். இருளிலிருந்து வெள்ளையுடையில் முஹம்மது அலீ வெளிப்பட்டார். பார்க்கின்சன் நோயால் இடக்கை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. 1960இல் ரோம் நகரில் தங்கம் வென்ற கை. 1980இல் நம் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிக் குத்துச்சண்டை ஆடிய கை. தீ பிடிக்கும்வரை வாப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு, "இந்த நிலையில் இந்த மனிதனை ஏன் கூட்டி வந்தார்கள்" என்று கோபித்துக்கொண்டார்கள். எனக்கோ அவர் வந்ததே பெரிதாகப்பட்டது. எங்களிடையே நடந்த முதல் வாதம் அது. இன்றும் நான் என் பக்கம்தான்.

2003இல் வாப்பா நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டார்கள். 2006 இறுதி ஆட்டத்தில், அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்து பிரான்சுக்கு ஆடிய ஸிதான், மத்தராஸியின் மார்பில் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டார். பாங்குக்கு இன்னும் நெடுநேரம் இருந்தும் வாப்பா பெட்டியை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். இத்தாலி வென்றதைக் காலையில்தான் அறிந்தோம். மதரஸாவில் மறுநாள் பாடம், நல்வேளையோ கெட்டவேளையோ, கோபத்தை அடக்குவது பற்றியது. "ஹஜ்ரத், ராத்திரி ஆட்டம் பார்த்தீர்களா?" என்று ஒரு மாணவன் கேட்டான். பாடத்தைத் தொடர்ந்தேன். 2010இல் தென்னாப்பிரிக்காவின் ஊதுகுழல் இரைச்சல் தவிரச் சொல்ல அதிகமில்லை.

2014 வந்தது. அல்ஜீரியா முதன்முறையாக முதல் சுற்றைத் தாண்டியிருந்தது. எதிரே யார் தெரியுமா? ஜெர்மனி. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து!

நமக்கு ரமலானின் முதல் நாட்கள். ஆட்டம் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு. வாப்பாவுக்கு அப்போது கண்ணில் புரை. பெட்டிக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். பந்து சரியாகத் தெரியாத இடங்களில் நான் சொல்ல வேண்டும். அல்ஜீரியாவின் வீரர்கள் ஜெர்மனியின் காவலரணுக்குப் பின்னால் மீண்டும் மீண்டும் ஓடினார்கள். கோல்காப்பாளர் நோயர் தம் கட்டத்தைவிட்டு வெகுதூரம் வெளியே ஓடிவந்து தடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் கோல்காப்பாளர் ரயீஸ் அம்போல்ஹி தடுத்த பந்துகளுக்குக் கணக்கில்லை. தொண்ணூறு நிமிடங்களில் கோல் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கியதுமே ஷூர்லே ஒன்று அடித்தார். முடியும் தறுவாயில் ஓஸில் இன்னொன்று. எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். வாப்பா எழவில்லை. கடைசி நொடிகளில் ஜாபூ அல்ஜீரியாவுக்கு ஒரு கோல் அடித்தார். 2-1. அதே எண்கள், திருப்பிப் போட்டவை. அந்த ஜெர்மனிதான் பின்னர் கோப்பையை வென்றது.

"இந்த முறை யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை" என்றார்கள் வாப்பா. முகத்தில் வருத்தம் இல்லை. சமையற்கட்டிலிருந்து உம்மா, "ஸஹர் நேரம் போகிறது, பந்து சோறு போடுமா?" என்று குரல் கொடுத்தார்கள்.

வாப்பா 2017இல் வஃபாத்தானார்கள். அதன்பின் ஒருநாள் உம்மா, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்கள்: "அந்த 86ஆம் வருஷம் அறுபது நாள் விடுமுறை. அதில் முப்பது நாள் பந்துக்குப் போனது. மீதியில் பாதி விருந்துக்குப் போனது." வாசகர்களே, என் பிள்ளைப்பருவத்தின் மிக இனிய மாதமாக நான் எண்ணி வைத்திருந்தது அதுதான். அந்த மாதம் முழுதும் உம்மா உள்ளே எங்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே என் நினைவில் இல்லை.

2022 டிசம்பர் 10. கத்தார் நாட்டில், நம் தலையில் அணியும் தொப்பியின் வடிவில் கட்டிய அல் துமாமா அரங்கில், மொராக்கோவும் போர்ச்சுகலும். நானும் என் மகனும் பார்த்துக்கொண்டிருந்தோம். வாப்பாவின் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அதில் நாங்கள் உட்காருவதில்லை. 42ஆம் நிமிடத்தில் யூசுஃப் அந்நுஸைரி மேலே எழும்பித் தலையால் முட்டி அடித்த கோலே முடிவாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து, அரபுலகிலிருந்து, அரையிறுதிக்குப் போன முதல் அணி! மகன் போட்ட கூச்சலில் உம்மா எழுந்து வந்தார்கள்.

திரையில் மொராக்கோவின் சுஃப்யான் பூஃபல், முக்காடிட்ட தம் தாயின் கைகளைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அந்தத் தாய் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யார் இந்தப் பொம்பிளை?" என்று உம்மா கேட்டார்கள்.

"அவனுடைய உம்மா."

உம்மா நின்றபடியே பார்த்தார்கள். பிறகு வாப்பாவின் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அந்தக் காட்சி முடியும்வரை எழவில்லை. "அடுத்த ஆட்டம் என்றைக்கு?" என்று என்னைக் கேட்காமல் பேரனைக் கேட்டார்கள்.

அடுத்தது பிரான்சுடன், நம் நேரப்படி டிசம்பர் 15 பிறந்து அரை மணி கழித்து. நான் எழுந்து கூடத்துக்கு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உம்மா அந்த நாற்காலியில் இருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்க்கில் தேநீரும் மூன்று கோப்பைகளும். மொராக்கோ 2-0 என்று தோற்றது. தோற்ற பின்னும் அந்த வீரர்கள் தம் மக்கள் அமர்ந்திருந்த பக்கம் சென்று, புல்தரையில் வரிசையாக ஸஜ்தாச் செய்தார்கள். உம்மா, "பிள்ளைகள் களைத்துப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, மீதித் தேநீரை எனக்கும் மகனுக்கும் ஊற்றினார்கள்.