கோரையைக் கண்டாலே மண்வெட்டியைத் தேடுவதா?

எங்கள் வில்லாபுரத்தில் வீட்டு வாசலில் மண் தெரிவதே இப்போது கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது. சிமெண்ட் பூசுகிறார்கள், இல்லையென்றால் பேவர் பிளாக் பதிக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் கொரியன் புல் விரித்து, லாரித் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை.

கணக்கைப் பாருங்கள். மதுரைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். 100 சதுர அடி இடத்தில் அது சுமார் 7,900 லிட்டர் தண்ணீர். பாதி இறங்கினாலும் லாபம்தானே? 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், குழாய் வைத்தோம். பிறகு மழை விழும் மண்ணையே மூடிவிட்டு, போர் வற்றிவிட்டது என்று இன்னும் ஆழமாக இறக்குகிறோம்.

"மண்ணாக விட்டால் சேறும் களையும்தானே சார்?" என்பார்கள். அதற்குத்தான் கோரை என்கிறேன். முகம் சுளிக்காதீர்கள். வயலில் நம் உயிரை அதிகம் வாங்குவது ஒரு வகை. மண்ணுக்குள் கிழங்கு கிழங்காக வைத்துப் பரவும். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று விற்பதும் அதுதான். அதை நடச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? அந்த ஒன்றுக்காகக் குடும்பத்தையே தள்ளி வைப்பது என்ன நியாயம்? நாம் படுத்து வளர்ந்த பத்தமடைப் பாயும் கோரைதான்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில், குடை விரித்தாற்போல் இலை விடும் அலங்காரக் கோரையை நான்கு தூர் வையுங்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தோட்டங்களில் இதை நடுகிறார்கள். தலையை வெட்டித் தண்ணீரில் கவிழ்த்துப் போட்டாலே வேர் பிடிக்கும். தென்னை நிழலில், வெள்ளை உருண்டைப் பூவோடு தரையை ஒட்டிப் படரும் குட்டைக் கோரை தானாகவே வரும். அதைப் பிடுங்காமல் விட்டு, அவ்வப்போது கத்தரித்தால் போதும். ஓரத்தில் செங்கல்லைப் புதைத்துவிட்டால் அடங்கி நிற்கும்.

பாம்பு வருமென்று பயமா? குட்டையாக வெட்டி வைத்த இடத்தில் அது எங்கே ஒளியும்? நடக்கிற வழிக்கு மட்டும் இரண்டடி அகலத்தில் கல் பதியுங்கள். நம் வயதுக்கு அது வேண்டும்.

பிள்ளைகள் கொத்தனாரிடம் "மொத்தத்தையும் பூசிவிடுங்கள்" என்று சொல்லும்போது, நாம் பேசாமல் ஈசிசேரில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பாதி வாசலையாவது மண்ணாக விடச் சொல்லுங்கள்.