பேசாத பிள்ளைக்கு எழுத்து எதற்கு?

சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "ஐயா, வாய் பேசாத பிள்ளைக்கு எழுத்து எதற்கு? எழுதுவதற்கு அதன் மனத்தில் என்ன இருக்கப் போகிறது?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. நம்மில் பலர் மனத்துள் வைத்திருப்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார், அவ்வளவே. அன்று நேரமின்மையால் சொல்லாமல் விட்ட விடையை இம்மலரில் எழுத விரும்புகின்றேன்.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகின்றனர். அது தொற்றும் நோயன்று. மூளை வளரும் விதத்தில் அமைந்த வேறுபாடு. அத்தகைய பிள்ளைகளுள் சிலருக்குப் பேச்சு வருவதே இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டார்கள், கையை உதறுவார்கள், காரணமின்றிக் குதிப்பார்கள். பார்ப்பவர்களோ 'புத்தியில்லாத பிள்ளை' என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

ஜப்பானில் 1992-இல் பிறந்த நவோக்கி ஹிகாஷிடாவையும் இப்படித்தான் எண்ணியிருப்பார்கள். அட்டையில் கட்டம் கட்டமாக எழுதப்பட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுட்டிச் சொற்களாக்க அவர் பழகினார். பதின்மூன்று வயதில் அவர் எழுதிய நூல் 2007-இல் அங்கு வெளிவந்தது. 2013-இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஏன் குதிக்கிறாய், ஏன் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று பிறர் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறும் நூல் அது. கண்ணைப் பாராதபோதும் எதிரிலிருப்பவரின் குரலையே உற்றுக் கவனிப்பதாக அதில் எழுதுகிறார். "என் கண்ணைப் பார்!" என்று எத்தனை பிள்ளைகளை வகுப்பில் அதட்டியிருப்பேன்! படித்த அன்று வெட்கினேன்.

இந்தியாவில் பிறந்த டிட்டோ முகோபாத்யாயும் அத்தகையவரே. அவருடைய தாயார் சோமா, மகனின் கையில் எழுதுகோலை ரப்பர் வளையத்தால் பிணைத்து எழுதப் பயிற்றினார். சிறுவனாயிருந்தபோதே டிட்டோ எழுதிய நூல் 2000-இல் இலண்டனில் வெளிவந்தது. சிந்திக்கும் தான் ஒன்று, செயற்படும் தான் ஒன்று, இரண்டும் இணங்குவதில்லை என்று தம் நிலையை அவர் விளக்கினார். மனம் ஒன்றை நினைக்க உடல் வேறொன்றைச் செய்யும் துன்பத்தை, வெளியிலிருந்து பார்க்கும் நாம் எங்ஙனம் அறிவோம்?

ஆயினும் ஒன்றை மறைத்து எழுதுவது ஆசிரியனுக்கு அழகன்று. 1990-களில் அமெரிக்காவில், பேசாதவரின் கையைப் பிறர் தாங்கிப் பிடித்துத் தட்டெழுதச் செய்யும் முறை பரவியது. பிள்ளைக்கு ஒரு படமும், கை பிடிப்பவருக்கு வேறொரு படமும் காட்டிச் சோதித்தனர். எழுத்தில் வந்ததோ கை பிடித்தவர் கண்ட படம்! தம்மையறியாமலே அவர்கள் தம் எண்ணத்தை எழுதியிருந்தனர். 2018-இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் அம்முறையையும், சோமா பிறருக்குக் கற்பிக்கும், பலகையைப் பிறர் ஏந்திப் பிடிக்கும் முறையையும் வேண்டாமென்றது. நவோக்கியின் நூலை ஐயுறுவோரும் உண்டு.

ஆகவே என் கருத்து இது. எழுத்தைக் கற்பியுங்கள், ஆனால் எழுதும் கை பிள்ளையின் கையாகவே இருக்கட்டும். பலகை மேசைமேல் இருக்கட்டும். தாயின் கை நாளடைவில் விலகிவிட வேண்டும். டிட்டோ தாமே எழுதுகோல் பிடித்து எழுதும் நிலையை அடைந்தார். எல்லாப் பிள்ளையும் நூல் எழுதாது. வயிறு வலிக்கிறது என்பதை ஒரு சொல்லைச் சுட்டித் தெரிவிக்க முடிந்தால், இரவெல்லாம் அழும் பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் அது சிறிய காரியமா?

இதை நான் காலந்தாழ்த்தியே கற்றேன். இளம் ஆசிரியனாக வேறொரு தோட்டத்தில் பணியாற்றியபோது, பால்மரம் வெட்டும் தாய் ஒருவர் தம் பேசாத மகனைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரு பாடமும் நடந்ததில்லை. "இங்கே இடமில்லை, அம்மா" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அதன்பின் லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம், அச்சிறுவன் அஞ்சடியில் ரப்பர் கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். வரிசைக்குப் பன்னிரண்டு; ஒன்று கூடாது, ஒன்று குறையாது. எண்ணத் தெரிந்த பிள்ளை அவன் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபின் அக்குடும்பம் எங்குச் சென்றதோ, தெரியவில்லை.

2019 முதல், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பலாகாது என்பது நம் கல்வி அமைச்சின் கொள்கை. முதலாமாண்டுப் பதிவின்போது, பேசாத பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். உடன் அழைத்து வாருங்கள். எழுத்துப் பலகை ஒன்று என் மேசைமேல் இருக்கும்.